பொருநை நாட்டில் பாரதியார்

பொதியமலையிற் பிறந்து, வயல்களை வளமாக்கி, மன்னார் வளைகுடாவிற் சென்று கலக்கும் பொருநையாற்றின் கரையிலே, தமிழ்ப் புலவர்க்கு எக்காலத்தும் குறைவிருந்ததில்லை. குருகூரில் நம்மாழ்வாரும் ஸ்ரீவைகுண்டத்தில் குமரகுருபரரும் தோன்றி மெய்ப்பொருளைப் பாடினர். அம்மெய்ப்பொருளை வீட்டிற்கும் வீதிக்கும் கொணர்ந்து, அதனையே உரைகல்லாகக் கொண்டு நாட்டின் வழக்கங்களை உரைத்துப் பார்த்த கவிஞர் சுப்பிரமணிய பாரதியார். அவர் வரலாறு பலரும் அறிந்ததே. எனினும், அவர் நெல்லைச் சீமையிற் கழித்த இளமையையும், பிற்காலத்தே கடையத்தில் வாழ்ந்த இரண்டாண்டுகளையும் சற்று ஊன்றி நோக்குதல் நம் மாணவர்க்குப் பயன்தரும் என்று கருதி, ஈண்டுச் சில கூறப்புகுகின்றோம்.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆம் நாள், அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த எட்டயபுரத்தில், சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதிலேயே அவர்தம் கவித்திறம் கண்ட எட்டயபுரத்துப் புலவர் அவைக்களம் பாரதி என்னும் பட்டத்தை அளித்தது. தந்தையாரோ மகனை ஆங்கிலம் வல்லவனாக்க விரும்பி, 1894இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிற் சேர்த்தார். அங்கே மூன்றாண்டு பயின்றார். அக்கல்வி தம் தந்தையின் பொருளை விழுங்கியதன்றித் தமக்கு நலம் செய்யவில்லையென்றும், தம் நாட்டுப் பெருமையைக் கற்பியாத கல்வி கல்வியாகாதென்றும் பிற்காலத்தே தம் வரலாற்றைப் பாடியபோது மனம் நொந்து உரைத்தார். ஆயினும், ஷெல்லி முதலிய ஆங்கிலக் கவிகளை அவர் பெரிதும் போற்றினார் என்பதனையும் யாம் மறத்தலாகாது. அவர் வெறுத்தது மொழியையன்று. தன்னாட்டை மறக்கச் செய்யும் பயிற்சியையே.

1897இல் கடையத்துச் செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டிலே தந்தையாரும் மறைந்தார். எட்டயபுரத்தில் அவர் தொடங்கிய பஞ்சாலை முயற்சி அதன்முன்னரே நொடித்துப்போயிருந்தது. ஆதரவற்ற இளைஞர் காசியிலிருந்த அத்தை வீட்டை அடைந்து, வடமொழியும் இந்தியும் கற்றார். 1902இல் எட்டயபுரம் மீண்டு ஜமீன்தாரிடம் சிலகாலம் பணிபுரிந்தார். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப்பள்ளியிற் சில திங்கள் தமிழாசிரியராய் இருந்து, அவ்வாண்டிறுதியிற் சென்னை சென்று சுதேசமித்திரன் பத்திரிகையில் அமர்ந்தார். பெண்கள் முன்னேற்றம் கருதிய சக்கரவர்த்தினி என்னும் இதழையும் நடத்தினார்.

இக்காலத்தே விவேகானந்தரின் மாணவியாகிய நிவேதிதா தேவியாரைச் சந்தித்தார். மனைவியை உடன் அழைத்து வாராமைக்குக் காரணம் என்னவென்று அவ்வம்மையார் வினவ, பாரதியார் நாணினார் என்பர். நாட்டின் விடுதலையைப் பேசுபவன் தன் இல்லத்தில் ஒருத்தியை அடக்கி வைத்திருத்தல் முரண் என்பது அன்றே அவர்க்கு விளங்கிற்று. அம்மையாரைக் குருவாகக் கொண்டு, 1908இல் வெளியான தம் பாடற்றொகுதியை அவர்க்கே உரிமையாக்கினார்.

அவ்வாண்டே நெல்லைச் சீமை கொதித்தெழுந்த ஆண்டு. தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை மார்ச்சு மாதம் 12ஆம் நாள் கைதாகவே, மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டது. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். பிள்ளையவர்கட்குக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. பாரதியார் நடத்திய இந்தியா என்னும் வாரப் பத்திரிகையின்மேலும் அரசாங்கத்தின் கண் விழுந்தது. நண்பர்களின் அறிவுரைப்படி அவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்து, பத்தாண்டு அங்கே வாழ்ந்தார்.

அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அங்கே அவர்க்குத் தோழராயினர். வேதமும் கீதையும் ஆராய்ந்தார். கண்ணன் பாட்டும் குயிற் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தது அவ்வூரிலேதான். எவ்வுயிரிலும் ஒரே பரம்பொருள் உறைகின்றது என்னும் அத்துவைதக் கொள்கை நம் நாட்டிற் பழமையானது. ஆயின், அதனை ஓதியோர் பலர் கோயில் வாயிலிலும் கிணற்றடியிலும் அதனை மறந்தனர். பாரதியாரோ அக்கொள்கையை ஒரு கணக்கைப்போற் கடைசி வரி வரை செய்து பார்த்தார். எங்கும் உள்ளது ஒன்றேயாயின், தாழ்ந்த குலம் எங்ஙனம் உண்டாகும்? பெண் எங்ஙனம் அடிமையாவாள்? அயலார்க்கு ஒரு நாடு எங்ஙனம் உடைமையாகும்? இம்மூன்று வினாக்கட்கும் அவர் கண்ட விடை ஒன்றே. ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்கு அவர் தம் கையாற் பூணூல் அணிவித்தது அவ்விடையின் செயல்வடிவமாகும்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளிவந்தபோது கடலூரருகே கைதானார். சிலவாரச் சிறைவாசத்தின்பின், திருநெல்வேலி ஜில்லாவிலேயே வாழ்தல், எழுதுவனவற்றைப் போலீசாரிடம் காட்டியபின் வெளியிடுதல் முதலிய நிபந்தனைகளுடன் விடுவிக்கப்பட்டு, மனைவியின் ஊராகிய கடையத்தை அடைந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பொருநையின் கிளையாறுகளாகிய இராமநதி முதலியவற்றால் வளம்பெறும் ஊர் அது. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது.

அவ்வூரில்தான் அவர் கொள்கைக்குக் கடுஞ்சோதனை வாய்த்தது என்பது எம் கருத்து. அயலூரிற் புரட்சி பேசுதல் எளிது. மாமனார் வீதியிற் பேசுதல் அரிது. அவர் மனைவியுடன் கைகோத்து வீதியில் நடந்தார், அக்கிரகாரம் நகைத்தது. எல்லாக் குலத்தாரோடும் கலந்து பழகினார், உறவினர் ஒதுக்கினர். அந்நகைப்பும் ஒதுக்கமும் அவரினும் செல்லம்மாளையே மிகுதியும் வருத்தியிருத்தல் வேண்டும். கவிஞரைப் புகழும் நாம் அவ்வம்மையார் சுமந்த பாரத்தை எண்ணாதிருத்தல் நன்றியன்று.

கடையத்திற்கு அண்மையிலுள்ள பொட்டல்புதூர் முஸ்லிம்கள் அவரை அழைக்க, அங்குச் சென்று அல்லாவைப் பாடி, இஸ்லாத்தின் மேன்மையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அச்சொற்பொழிவு 1920இற் சுதேசமித்திரனில் வெளிவந்தது. இயேசுபெருமானையும் பாடியவர் அவர் என்பதனை நம் கல்லூரியார் அறிவர்.

வறுமையோ அவரை விட்டபாடில்லை. எட்டயபுர மன்னர்க்குச் சீட்டுக்கவி எழுதினார், பயன் விளைந்திலது. பின்னர்த் தம் நூல்களை நாற்பது பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் பிரதிகள் அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல் வீடுதோறும் மலிவாய்ச் செல்லும்படி பரப்பத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனாகப் பணம் வேண்டித் திருமுகங்கள் விடுத்தார். நன்கொடை கேட்டிலர், வட்டியோடு திருப்புவதாகவே வாக்களித்தார். பணம் வரவில்லை, திட்டம் மடிந்தது. நாலு லட்சம் நூல்களைக் கனவுகண்டவர் நாலு மரக்கால் அரிசிக்குக் கவலைப்பட நேர்ந்தது.

நிபந்தனைகள் நீங்கியபின் 1920இற் சென்னைக்கு மீண்டு, சுதேசமித்திரனில் மறுபடியும் அமர்ந்தார். மறு ஆண்டு திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளுண்டு, ஒருவாறு தேறி, ஜூலை இறுதியில் ஈரோட்டையடுத்த கருங்கல்பாளையம் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். ஆறு வாரங்கழித்து, செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின், நோயால் உயிர்நீத்தார். அவர்க்கு வயது முப்பத்தெட்டு. இறுதி ஊர்வலத்திற் சென்றோர் இருபதின்மருக்கும் குறைவு.

1928இல் அரசாங்கத்தார் அவர் பாடற்புத்தகங்களைப் பறிமுதல் செய்தனர். 1947இல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தது. 1949இல் சென்னை அரசாங்கத்தாரே அவர் நூல்களின் உரிமையைப் பெற்றனர். பின்னர் அவை மக்கள் உடைமையாயின. உயிரோடிருந்த நாளில் நூறு ரூபாய் கடன் தர அஞ்சிய நாடு, மறைந்தபின் மண்டபம் கட்டிற்று.

மாணவ நண்பர்களே! மண்டபத்தில் மாலையிடுதல் எளிது. சமத்துவத்தைக் கல்லூரி மேடையிற் பேசுதலும் எளிது. விடுமுறையில் நம்மூர் சென்று, நம் தெருவில், நம் பாட்டியார் முன்னிலையில், அதனைச் செய்துகாட்டுதலே அரிது. கடையத்து வீதியிற் பாரதியார் நின்றது அவ்விடத்திலேதான். நாமும் அங்கே சென்று நிற்போமாக.