கொல்லிமலை கண்ட பிராண்டு அம்மையார்

அந்நிய தேசங்களில் உபாத்திமைத் தொழில் ஏற்றுச் செல்லும் இளைஞரும் பெண்மணிகளும் நம் சங்கக் குடும்பங்களில் இக்காலத்துப் பலராயினர். சென்ற சில மாதங்களிலேயே உணவு ஒவ்வவில்லை, பாஷை விளங்கவில்லை, உள்ளூரார் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று அவர்கள் பெற்றோர்க்கு எழுதுவது இயல்பேயாம். அத்தகையோர்க்கும், அவரைப் பிரிந்து வருந்தும் தாய்தந்தையர்க்கும் பயன்படுமெனக் கருதி, மேல்நாட்டினின்றும் போந்து, நம் நாட்டு மலையொன்றிற் குடிபுகுந்து, அம்மண்ணிலேயே உறங்கும் ஒரு மாதரசியின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் என்னும் இவ்வம்மையார் 1879-ம் வருஷம் இங்கிலாந்து தேசத்தில் ஒரு செல்வ வணிகர் குடும்பத்திற் பிறந்தனர். இலண்டன் மாநகரில் யாதொரு குறையுமின்றி வளர்ந்து, சித்திரக் கலையையும் முறையாகப் பயின்றனர். முப்பது வயது கடந்திருந்த காலத்தில், ஜெஸி பிராண்டு என்னும் இளைஞர் கொல்லிமலை மாந்தரின் நிலையைக் குறித்துப் பேசியதைக் கேட்டனர். ஜெஸியார் கட்டடத் தொழிலில் வல்லவர். சிறிது வைத்தியமும் கற்று, 1907-ல் நம் நாட்டிற்கு வந்தவர். அவர் சொற்கேட்ட நாள்முதல் அம்மையாருக்கு இலண்டன் வாழ்வு சுவைக்கவில்லை. கப்பலேறிச் சென்னைக்கு வந்து, முதற்கண் தமிழ் கற்கத் தொடங்கினர்.

கொல்லிமலை முன்னர்ச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தின்பாற்பட்டது. வல்வில் ஓரி ஆண்டதாகப் பண்டை நூல்கள் புகழும் மலை அதுவே. அறப்பளீசுவரர் திருக்கோயிலும் ஆகாயகங்கை அருவியும் அங்குள்ளன. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளையுடைய பாதையில் வண்டியேறிச் செல்வோர்க்கு அந்நாளைய நிலை விளங்காது. அன்று கால்நடையாகவோ, குதிரைமீதோ, டோலியிலோதான் ஏறவேண்டும். மலைச்சுரத்திற்கு அஞ்சிக் கீழ்நாட்டார் அங்கு இராத் தங்கவும் துணியார்.

1913-ம் வருஷம் சேந்தமங்கலத்தில் ஜெஸியாருக்கும் ஈவ்லினுக்கும் விவாகம் நடந்தது. விருந்து முடிந்து இளைப்பாற நேரமில்லை. மணக்கோலம் கலையாமலே மலைக்குப் புறப்பட்டனர். வழியிற் பெருமழை பிடித்துக்கொண்டது. உடை நனைந்து, சேறு படிந்து, அம்மையார் தம் புது மனையை அடைந்தனர். அம்மனை ஜெஸியார் தம் கையாற் சமைத்த மரவீடு. கறையான் ஏறாவண்ணம் கால்கள்மீது நிறுத்தப்பட்டது.

வீடு கிடைத்தது; ஊர் கிடைக்கவில்லை. மலையாளிகள் எனப்படும் அம்மலைக் குடிகள் புதியோரை எளிதில் நம்பவில்லை. நோயுற்றால் மருந்து பெற்றுக்கொள்வர், அதற்கப்பால் நெருங்கார். கிறிஸ்து சமயத்தைப் பரப்புவதே இத்தம்பதிகள் வந்த நோக்கமாதலின், அவ்வூர்ப் பூசாரியார் எதிர்த்ததில் வியப்பில்லை. நம் நேயர் பலரும் அந்நோக்கத்திற்கு உடன்படார் என்பதை நாம் அறிவோம். ஆயினும், ஊரார் ஒதுக்கிய இடத்தில் ஒருவர் எங்ஙனம் நாட்களைக் கழித்தார் என்பதே ஈண்டு நாம் காணத்தக்கது.

அவர்கள் வேலையை விடவில்லை. சிறு பள்ளிகள் அமைத்து எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். ஜெஸியார் தச்சுவேலையும், செங்கல் ஓடு செய்யும் தொழிலும் பழக்கினர். நரம்புச் சிலந்தி நோயால் மலைமக்கள் பெரிதும் வருந்தினர். கிணற்றுநீரில் கால்வைத்து இறங்குவதே அந்நோய் பரவுதற்குக் காரணமாம். காலின் புண்ணிலிருந்து வெளிப்படும் புழுக்குஞ்சுகள் நீரிற் கலந்து, அந்நீரைப் பருகுவோர் உடலிற் புகும். ஆதலின் கிணற்றைச் சுற்றிச் சுவரெழுப்பி, மேலிருந்து நீர்சேந்தும் வழக்கத்தை ஜெஸியார் வற்புறுத்தினர். அந்நோய் நம் தேசத்தினின்றும் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ம் ஆண்டிலேதான்.

1918-ல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலையையும் விட்டுவைக்கவில்லை. உற்றாரும் அணுக அஞ்சிய குடிசைகளுக்கு இருவரும் கஞ்சி சுமந்து சென்றனர். எதிர்த்து நின்ற பூசாரியாரும் அந்நோய்க்கு ஆளானார். உயிர் பிரியுந் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை ஒப்படைத்தது, தாம் அதுகாறும் பகைத்த இவர்களிடத்தேயாம். அந்நாள் முதலாக ஊரார் பார்வை மாறியது. குடிபுகுந்து ஐந்து வருஷம் கழிந்த பின்னரே ஊர் அவர்க்கு ஊராயிற்று என்பதை, ஐந்து மாதத்தில் மனமுடையும் நம் பிள்ளைகள் எண்ணிப்பார்ப்பாராக.

அம்மையார்க்கு 1914-ல் பால் என்னும் ஆண்மகவும், பின்னர்க் கான்னி என்னும் பெண்மகவும் பிறந்தனர். தாயே அவர்க்கு ஆசிரியை. மரமேறி விளையாடும் மகன் கிளைமேல் இருந்தே கணக்குப் போட்டு ஏட்டைக் கீழே விடுவான். தாய் நின்று திருத்துவார். ஆனால் மேற்படிப்பிற்கு மலையில் வழியில்லை. 1923-ல் குழந்தைகளை இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்று, உறவினர் வீட்டில் விட்டு மலைக்கு மீண்டனர். ஒன்பது வயது மகனைக் கடலுக்கப்பால் விட்டுத் திரும்பிய தாயின் நெஞ்சம் என் பட்டதோ, அதனைப் பெற்றவரே அறிவர்.

தந்தை மகனை மீண்டும் காணவில்லை. 1929-ம் வருஷம் ஜூன் மாதம் ஜெஸியார் கருநீர்ச் சுரங்கண்டு மலையிலேயே மறைந்தனர். மரணச் செய்தி தந்தியில் இலண்டனை எட்டியது. அதற்குமுன் அவர் மகனுக்கு எழுதிய கடிதங்களோ, கப்பலில் மெல்ல மெல்லப் பின்னர் வந்துசேர்ந்தன.

அம்மையார் இங்கிலாந்து சென்றபோது துயரத்தால் உருமாறி மூத்துத் தளர்ந்திருந்தனர். இனி அங்கேயே தங்குவார் என எவரும் எண்ணியிருப்பர். அவரோ மீண்டும் நம் நாட்டிற்கே வந்தனர். கழகத்தார் அவரைக் கீழ்நாட்டு வேலையில் அமர்த்தினர். கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி முதலிய ஐந்து மலைகளிலும் தொண்டாற்ற வேண்டுமென்பது கணவரொடு கூடிக் கண்ட கனவு. அதனை அவர் மறக்கவில்லை. அறுபத்தெட்டு வயதளவில் வேலையினின்றும் ஓய்வு கொடுக்கப்பட்டபோது, கழகத்தின் உதவியை விடுத்துத் தாமே கல்வராயன் மலைக்குப் புறப்பட்டனர். மட்டக்குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்றனர். பன்முறை விழுந்து எலும்பு முறிந்தும், இரண்டு மூங்கிற்கோல்களை ஊன்றி நடந்தனர். கடைசி இருபது வருஷம் தம் இல்லத்திற் கண்ணாடியே வைத்திலர் என்பர். சித்திரம் பயின்ற கை மட்டும் மலைக்காட்சிகளைத் தீட்டுவதை விடவில்லை.

1974-ம் வருஷம் டிசம்பர் மாதம், தொண்ணூற்றைந்தாம் பிராயத்தில் அம்மையார் காலமாயினர். கொல்லிமலையிலே கணவரின் பக்கத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பெற்றது. மகனார் பால் பிராண்டு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் குஷ்டநோயாளரின் முடங்கிய கைகளைச் சீராக்கும் சஸ்திர வைத்தியத்தால் உலகப் புகழெய்தி, 2003-ல் மறைந்தனர்.

இச்சரித்திரத்தில் நாம் ஒளிக்கத்தகாத நோவு ஒன்றுண்டு. பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தவர் தம் பிள்ளைகளைப் பிரிந்தனர். அவ்விலை தக்கதோ எனத் தீர்ப்புரைக்க நாம் துணியோம். அயல்நாட்டில் ஆசிரியராய் அமரும் நம் மக்கள் இவ்வொன்றை மட்டும் மனங்கொள்ள வேண்டுகின்றோம்: சென்றவிடத்து மொழியை முதலிற் கற்க; அவ்வூராரின் நோயிலும் துக்கத்திலும் பங்குகொள்க; ஊர் தன்னை ஏற்குமளவும் பொறுத்திருக்க. வீட்டிலுள்ள பெற்றோரும் வாரந்தோறும் கடிதம் எழுத மறவாதிருப்பாராக.