ஜிம் தோர்ப்: பதக்கம் திரும்பியது, உடல் திரும்பவில்லை

மன்னார்த் தீவின் மீனவக் கிராமங்களில் ஊரின் மானம் உதைபந்து மைதானத்தில் இருக்கிறது. பள்ளிமுனையிலோ பேசாலையிலோ ஓர் இறுதிப்போட்டி என்றால் ஊரே திரண்டு நிற்கும். தோற்கடிக்கப்பட்ட ஒரு மக்களுக்கு மைதானம் எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு ஜிம் தோர்ப்பின் வாழ்க்கை ஒரு சாட்சி. அவர் ஆடியது வேறு பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டம் அது.

1887 அளவில், இன்றைய ஒக்லஹோமாவில், சாக்-ஃபாக்ஸ் பூர்வகுடியில் அவர் பிறந்தார். இரட்டைச் சகோதரனையும் தாயையும் சிறுவயதிலேயே இழந்தார். 1904இல் பென்சில்வேனியாவின் கார்லைல் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். பழைய இராணுவ முகாமொன்றில் 1879இல் இராணுவ அதிகாரி ஒருவர் தொடங்கிய விடுதிப் பாடசாலை அது. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளின் கூந்தல் வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. நோயில் இறந்த பல பிள்ளைகள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

அந்தப் பாடசாலையின் அணிதான் 1911இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை 18-15 என வென்றது. 1912இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியை 27-6 என வீழ்த்தியது. வூண்டட் நீயில் அமெரிக்க இராணுவம் லகோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுக்கொன்று அப்போது 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர், பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவர்.

அதே ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் தோர்ப் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். முன்பு சிறு ஊதியத்துக்கு பேஸ்போல் ஆடினார் என்று கூறி 1913இல் அவை பறிக்கப்பட்டன. இன்றைய என்.எஃப்.எல். சங்கம் 1920இல் உருவானபோது அதன் முதல் தலைவர் அவரே. ஆயினும் 1922இல், நாய் வியாபாரி ஒருவர் நடத்திய பூர்வகுடி அணியில், இடைவேளைகளில் வீரர்கள் வேடிக்கை காட்ட வேண்டியிருந்தது. 1953இல் வறுமையில் இறந்தார்.

பதக்கங்களைத் திருப்பிக் கொடுக்க 1982இல் முடிவானது. அந்தப் போட்டிகளின் ஒரே வெற்றியாளர் என்ற இடம் 2022இல்தான் கிடைத்தது. உடலோ, பூர்வகுடிச் சடங்கு முடியுமுன்னே அவரது மூன்றாவது மனைவியால் எடுத்துச் செல்லப்பட்டு, அவருக்குத் தொடர்பே இல்லாத பென்சில்வேனிய ஊரொன்றில் அடக்கப்பட்டது. அந்த ஊர் அவர் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. தந்தையைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவர மகன்மார் தொடுத்த வழக்கை 2015இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

2017 முதல் கார்லைலில் புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எச்சங்கள் ஒவ்வொன்றாக உறவினரிடம் திரும்புகின்றன. தோர்ப் இன்னும் திரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் காத்திருக்கும் மன்னாருக்கு இந்த வலியை யாரும் விளக்கத் தேவையில்லை.