ஊர் திரண்டால் பள்ளி நிமிரும்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்று ஓர் ஊர். ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு தொடங்கவேண்டிய நாள். வகுப்பு நடக்கவேண்டிய பள்ளிக்கூடமோ குப்பையும் தூசியுமாகக் கிடக்கிறது. பெருக்கி வைக்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்து இறங்கிய இருவர் துடைப்பத்தைத் தேடி எடுக்கின்றனர். பெருக்குகின்றனர், தூசி தட்டுகின்றனர். ஒருவர் அந்த மாநிலத்தின் கவர்னர் பிரிக்ஸ். மற்றொருவர் கல்விக் குழுவின் செயலாளர் ஹொரேஸ் மான்!

கவர்னர் கையில் துடைப்பமா என்று வியப்போர் வியக்கட்டும். நாம் கேட்பது வேறு. அந்த ஊரார் ஏன் பெருக்கி வைக்கவில்லை? பள்ளி தங்களுடையது என்று அவர்கள் எண்ணவில்லை. அந்த எண்ணத்தை மாற்றத்தான் மான் அல்லும் பகலும் அலைந்தார்.

1796-இல் ஃபிராங்க்ளின் என்ற சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 13 வயதில் தந்தையை இழந்தார். வைக்கோல் பின்னிக் கொடுத்து, அந்தக் கூலியில் பாடநூல் வாங்கிய பிள்ளை. ஆண்டுக்குப் பத்து வாரம் பள்ளிக்குப் போனாலே பெரிது. ஆனால் ஊரில் ஒரு நூல்நிலையம் இருந்தது. தன் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்த ஊர் மணி ஒன்று கேட்டபோது, அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மணிக்குப் பதில் நூல்களை அனுப்பிவைத்தார். அந்த நூல்கள்தாம் ஏழைச் சிறுவனின் இன்னொரு பள்ளி!

பிரவுன் கல்லூரியில் படித்தார், வழக்கறிஞரானார், மாநில செனட் சபையின் தலைவராக உயர்ந்தார். 1837-இல் மாநிலக் கல்விக் குழு அமைந்தது. அதன் செயலாளர் பதவிக்கு ஆண்டுச் சம்பளம் 1,500 டாலர். செனட் தலைமையையும் வழக்கறிஞர் தொழிலையும் விட்டுவிட்டு மான் அதை ஏற்றார். நண்பர்கள் திகைத்தனர்.

என்ன அதிகாரம் இருந்தது அந்தப் பதவிக்கு? ஒரு பள்ளியைத் திறக்க முடியாது. ஓர் ஊருக்கு ஆணையிட முடியாது. விவரம் திரட்டலாம், எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். நாவும் பேனாவுமே அவருக்கு வாய்த்த படைக்கலங்கள்! குதிரையேறி மாவட்டம் மாவட்டமாகச் சென்றார், மாநாடு கூட்டினார். சில இடங்களில் கூட்டமே இல்லை. காலியாகக் கிடந்த பெஞ்சுகளைக் கண்டும் அவர் கலங்கி நின்றுவிடவில்லை. அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். 1838-இல் பள்ளிகளுக்கென்றே ஓர் ஏடு தொடங்கினார். ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். அவை மொத்தம் 12.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? என் பிள்ளை தனியார் பள்ளியில் படிக்கிறான், ஊரார் பிள்ளைக்கு நான் ஏன் வரி கட்டவேண்டும் என்றார் செல்வர். எனக்குப் பிள்ளையே இல்லையே என்றார் மற்றொருவர். மான் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். எவர் சொத்தும் அவர் ஒருவர் மட்டுமே உழைத்துச் சேர்த்ததன்று. முன்னோர் விட்டுச் சென்றது அது, பின்னோருக்குக் கொடுக்கவேண்டிய கடன் அது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு என்று வாதாடினார்.

நல்ல ஆசிரியர் இல்லாமல் நல்ல பள்ளி ஏது? 1839-இல் லெக்சிங்டனில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அரசு நடத்திய இத்தகைய பள்ளிகளில் அமெரிக்காவிலேயே முதலாவது அது. முதல் நாள் வந்த மாணவியர் எத்தனை பேர்? மூன்றே பேர்! ஊர் நகைத்தது. தலைமை ஆசிரியர் சைரஸ் பியர்ஸ் பாடமும் நடத்தினார், அடுப்பும் மூட்டினார், வாசலில் குவிந்த பனியையும் தாமே அள்ளினார். அவருக்குத் துணையாக நின்றவர் மான்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. கல்விக் குழுவையும் பயிற்சிப் பள்ளிகளையும் ஒழித்துவிடச் சட்டமன்றத்தில் முயற்சி நடந்தது. ஒழிக்க 182 வாக்குகள், காக்க 245 வாக்குகள். பள்ளி பிழைத்தது! ஊர் ஊராக அலைந்து ஆதரவு திரட்டியது வீண்போகவில்லை.

அதே பள்ளி பின்னர் மேற்கு நியூட்டனுக்கு இடம் பெயர்ந்தது. கறுப்பின மாணவி ஒருத்தி அதில் சேர்ந்தாள். தங்க இடம் தர ஊரில் ஆளில்லை. மானும் அவர் துணைவியாரும் தம் வீட்டிலேயே அவளுக்கு இடமளித்தனர். பொதுப் பள்ளி என்றால் எல்லோருக்கும் பொது என்பதை, மேடையில் மட்டுமல்ல, தம் வீட்டு வாசலிலும் காட்டினார்!

1848-இல் அவர் பதவியிலிருந்து விலகியபோது, பள்ளிகளுக்கு ஊர்கள் தந்த பணம் பெருகியிருந்தது, ஆசிரியர் சம்பளம் உயர்ந்திருந்தது. 1859-இல் ஒஹையோ மாநிலத்தில், ஆண்டியோக் கல்லூரித் தலைவராக இருக்கையிலே மறைந்தார். மூன்று பேருடன் தொடங்கிய அந்தப் பள்ளி இன்று ஃபிரேமிங்கம் மாநிலப் பல்கலைக்கழகமாக ஓங்கி நிற்கிறது.

தோழர்களே! சட்டம் பள்ளியைத் திறக்கும், கட்டடம் எழுப்பும். அதை ஊரின் உடைமையாக்குவது ஊராரின் நெஞ்சம்தான். நம் தெருமுனையிலும் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கும் ஒரு தலைமை ஆசிரியர் தனியாக நின்று பாடுபடுகிறார். அவரைக் கண்டு, என்ன வேண்டும் என்று கேட்டோமா? ஆலை வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு நாழிகை அந்த வாசலில் நிற்போம். துடைப்பத்தை அவர் ஒருவர் கையிலேயே விட்டுவைக்க வேண்டாம்!