மூன்றெழுத்து வணிகர் டி. வி. சுந்தரம் ஐயங்கார்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்வோன் முதலிற் சுழி பார்ப்பான். பின்னரே பல்லைப் பிடித்துப் பார்ப்பான். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே வெள்ளிதோறும் சந்தை கூடும் குந்தாரப்பள்ளியில் உள்ளார்க்கு இது புதிதன்று. அவ்வூர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார் வண்டிகளை வாங்குவோர் செய்கையும் ஏறக்குறைய இதுவே. வண்டியின் முகப்பிற் பதித்த இலச்சினையே அவர்கள் பார்க்கும் சுழி. வண்டி செய்வோர் இதனை நன்கறிவர். ஆதலின் இலச்சினைக்கெனப் பெரும்பொருள் செலவிடுகின்றனர். அத்தகைய செலவு ஒன்றுமின்றி, தம் பெயரின் முதலெழுத்துக்களையே இலச்சினையாக்கிய தமிழர் ஒருவரது சரிதத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஸ்ரீ சுந்தரம் ஐயங்கார் 1877ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த திருக்குறுங்குடியிற் பிறந்தார். தந்தையார் விருப்பப்படி வக்கீல் தொழிலில் அமர்ந்தார். பின்னர் ரயில்வேயிலும் பாங்கியிலும் உத்தியோகம் பார்த்தார். மாதச் சம்பளமே மதிப்பெனக் கருதப்பட்ட அந்நாளில், அதனை உதறிவிட்டு 1911இல் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கினார். மாட்டு வண்டியன்றிப் பிறிதறியாத ஊர்களுக்கு இவருடைய பஸ்கள் சென்றன. ஊரைக் குறிக்கும் எழுத்தொன்று, தந்தையைக் குறிக்கும் எழுத்தொன்று, தம்மைக் குறிக்கும் எழுத்தொன்று ஆக டி. வி. எஸ். என்னும் மூன்றுமே இவர்தம் அடையாளம் ஆயின.

எழுத்துக்கள் தாமே நம்பிக்கையை விளைவிக்குமோ? விளைவியா. இவர் காலந்தவறாமையை விரதமாகக் கொண்டார். இவருடைய பஸ் வரும் நேரங்கொண்டு மக்கள் கடிகாரத்தைத் திருத்தினர் என்பர். மாட்டு லாடத்தினின்று கழன்ற ஆணிகள் சக்கரத்தைத் துளைத்துப் பயணத்தைத் தாமதப்படுத்தாவண்ணம், காந்தங்கொண்டு சாலையைத் துப்புரவு செய்வித்தார் என்றுங் கூறுவர். இரண்டாம் உலகப் போரிற் பெட்ரோல் அரிதானபோது, கரியினின்று வாயுவை உண்டாக்கும் கருவியைச் செய்வித்து வண்டிகளை ஓட்டினார். போர்க்காலத்திலும் பஸ் வந்ததென்றால், அதன்மேல் எழுதியிருந்த மூன்றெழுத்தை யார் மறப்பர்?

இதில் வியப்பு ஒன்றுண்டு. இவர் விற்ற வண்டிகள் இவர் செய்தவை அல்ல. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தவை. அந்நிறுவனத்தின் செவர்லே என்னும் வண்டியின் பெயரும் ஒரு மனிதரின் பெயரே. லூயி செவர்லே என்பார் தம் பெயரால் அமைந்த நிறுவனத்தை விரைவிலேயே விட்டு நீங்கினார்; பெயர் மட்டும் வண்டியோடு நின்று உலகெங்கும் பொருள் ஈட்டிற்று. அவரோ பெருஞ்செல்வம் எய்தாது 1941இல் மறைந்தார். சுந்தரம் ஐயங்காரின் பெயரோ அவர் குடும்பத்தை விட்டு அகலவில்லை. பிறர் இலச்சினை தாங்கிய வண்டியை விற்குமிடத்தும், விற்பவர் பெயரையே வாங்குவோர் பெரிதும் நம்பினர் என்பது எம் கருத்து.

தொழிலைப் புதல்வரிடம் ஒப்புவித்து ஓய்ந்த அவர், 1955 ஏப்ரல் 28இல் கோடைக்கானலிற் காலமானார். 1972இல் அரசாங்கம் மதுரைப் பஸ்களை ஏற்றுக்கொண்டது; பஸ்களினின்று அம்மூன்றெழுத்தும் நீங்கின. ஆயினும் அவை அழிந்தில. 1980இல், அவர் கண்டிராத ஓசூர்த் தொழிற்சாலையினின்று, டி. வி. எஸ். 50 என்னும் சிறுவண்டியின்மேல் மீண்டும் வெளிவந்தன. பின்னர் ஜப்பானியரது சுசுகியின் பெயர் அவற்றோடு சேர்ந்தது. 2001இல் அது பிரிந்தது.

இன்று அவ்வெழுத்துக்களுக்கு அருகே பாயும் குதிரையுருவம் ஒன்று விளங்குகின்றது. குதிரை அழகியதே. எனினும், பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிச் செல்லும் உழவர் அச்சிறுவண்டியைக் குதிரை வண்டி என்று கூறார், டி. வி. எஸ். என்றே கூறுவர்.