கடனா, பங்கா? டோராப்ஜி டாட்டாவின் கதை

டாட்டா ஸ்டீல்னு சொன்னதும் நமக்கு ஜாம்ஷெட்ஜி பேர்தான் ஞாபகம் வரும். ஆனா அவர் 1904-லயே இறந்துட்டார். அவர் கண்ட கனவுக்குப் பணம் திரட்டி ஆலையா மாத்தினவர் மூத்த மகன் டோராப்ஜி.

1859-ல் பம்பாயில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிச்சவர். இரும்புத்தாது தேடி மத்திய இந்தியக் காடுகளில் மாட்டுவண்டியில் அலைஞ்சவர். தாது கிடைச்சது. பணம்?

முதல்ல லண்டன்லதான் கேட்டுப் பார்த்தார். அங்கே சந்தை மந்தம். பணம் போட வந்தவங்களும் நிர்வாகம் தங்க கையில் இருக்கணும்னாங்க. அதனால 1907 ஆகஸ்டில் பம்பாயிலேயே பங்கு வெளியிட்டார். சுதேசி அலை வீசின நேரம். மூணே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் 16 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டு போட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் கடன். 4 லட்சம் பவுண்டு கடன் பத்திரம் முழுசையும் குவாலியர் மகாராஜா ஒருத்தரே வாங்கினார்.

ஏன் பங்கு முதல்ல? ஆலையில் எஃகு வந்ததே 1912-லதான். கடனுக்கு வட்டி அதுவரைக்கும் காத்திருக்காது. பங்குதாரர் லாபம் வரும்வரை காத்திருப்பார்.

முதல் உலகப்போர் முடிஞ்சதும் ஆலையைப் பெரிசாக்கினாங்க. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு எஃகு மலிவா வந்து குவிஞ்சது. 1923 நிலநடுக்கத்தில் முக்கிய வாடிக்கையாளரான ஜப்பானும் விழுந்தது. 1924-ல் தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுக்கவே பணமில்லை.

தள்ளாடுற கம்பெனியோட புதுப் பங்கை யார் வாங்குவா? மிச்சமிருந்த வழி கடன். அதுக்கு அடமானம் வேணும். டோராப்ஜி தன் சொந்தச் சொத்து முழுசையும், சுமார் ஒரு கோடி ரூபாய், இம்பீரியல் வங்கியில் வெச்சார். மனைவி மெஹர்பாயின் நகைகளும் அதில் சேர்ந்தது. அந்த வங்கிதான் இன்னைக்கு ஸ்டேட் வங்கி.

சம்பளம் போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் அரசு இறக்குமதி எஃகுக்குப் பாதுகாப்பு வரி போட்டது. கம்பெனி மெதுவா எழுந்தது. கடன் அடைஞ்சது. பங்குதாரர்களுக்குத்தான் பல வருஷம் டிவிடெண்ட் இல்லை, அவங்க பொறுத்துக்கிட்டாங்க.

1931-ல் மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அடுத்த வருஷம் டோராப்ஜி தன் சொத்தை எல்லாம் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வெச்சுட்டு, ஜெர்மனியில் காலமானார். மும்பையில் 1941-ல் திறந்த டாட்டா புற்றுநோய் மருத்துவமனை அந்த அறக்கட்டளை கட்டினதுதான். ஒருமுறை வங்கியில் அடமானமா இருந்த சொத்து அது.