சான்று தேடிய எழுதுகோல்

நுழையும்முன்

துன்புற்றோர் வாய்திறந்து பேசினாலன்றி உண்மை வெளிப்படாது. அஞ்சியிருப்போரோ அயலாரிடம் எளிதில் பேசுவதில்லை. அத்தகையோரின் நம்பிக்கையைப் பெற்று, அவர்கள் கூறியதை உலகறியச் செய்து, பன்னிரு உயிர்களைக் காக்கத் துணைநின்ற இதழாளர் ஒருவரின் வரலாறே இப்பாடம்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1862ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் ஐடா பி. வெல்ஸ் பிறந்தார். அவர் பிறந்தபோது பெற்றோர் அடிமைகளாக இருந்தமையால் அவரும் அடிமையாகவே பிறந்தார். அடிமைமுறை ஒழிந்தபின் கல்வி கற்றார். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சலுக்குத் தாயும் தந்தையும் பலியாயினர். பதினாறு வயதில் ஆசிரியப் பணியேற்று உடன்பிறந்தோரைக் காத்தார். பின்னர் மெம்பிஸ் நகரில் குடியேறி, இதழொன்றின் ஆசிரியராகவும் பங்குதாரராகவும் உயர்ந்தார்.

1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் உள்ளிட்ட கறுப்பினத்தவர் மூவரை வெள்ளையர் கும்பல் ஒன்று சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக்கொன்றது. அம்மூவரும் மளிகைக் கடை நடத்தி முன்னேறியவர்கள். கொடுங்குற்றம் புரிந்தோரே இவ்வாறு கொல்லப்படுகின்றனர் என அக்காலச் செய்தித்தாள்கள் பல எழுதிவந்தன. நண்பரின் நேர்மையை நன்கறிந்த வெல்ஸ் அதனை ஏற்கவில்லை. கும்பல் கொலைகள் நிகழ்ந்த இடங்களுக்குச் சென்று விசாரித்து, தாம் கண்டறிந்ததை எழுதினார். சினங்கொண்ட கும்பல் அவருடைய இதழ் அலுவலகத்தை அழித்தது. அப்போது வெளியூர் சென்றிருந்த அவருக்கு, திரும்பிவந்தால் உயிர் தங்காது என்ற எச்சரிக்கை கிடைத்தது. எனவே வடமாநிலங்களிலேயே தங்கி எழுதலானார். சிகாகோவில் இல்லறம் ஏற்றார்.

ஆண்டுகள் பல கடந்தன. 1919இல் ஆர்கன்சா மாநிலத்தின் எலைன் பகுதியில் வாரத்திற்குப் பயிரிட்ட கறுப்பின உழவர்கள், பருத்திக்கு நியாயமான விலையும் முறையான கணக்கும் வேண்டிச் சங்கம் அமைத்தனர். அவர்கள் தேவாலயத்தில் கூடிய இரவில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. தொடர்ந்து நடந்த வன்முறையில் கறுப்பினத்தார் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். எனினும், வெள்ளையரைக் கொல்லச் சதி செய்தனர் என்று பழி உழவர்மீதே விழுந்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழுக்கள் சில நிமிடங்களில் முடிவெடுக்க, பன்னிருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அவர்களுக்கு உதவ நிதி வேண்டி வெல்ஸ் இதழில் எழுதினார். அதற்குப் பயனாகப் பன்னிருவருள் ஒருவரின் மடல் அவரை வந்தடைந்தது. 1920 சனவரியில், தம் 57ஆம் வயதில், ஏறத்தாழ 30 ஆண்டுகள் கால்வைக்காத தென்மாநில மண்ணில் மீண்டும் கால்வைத்தார். லிட்டில் ராக் நகரில் கைதிகளின் மனைவியரையும் அன்னையரையும் முதலில் சந்தித்தார். அவர்கள் பட்ட துன்பங்களைப் பொறுமையுடன் கேட்டார். அப்பெண்களே அவரை உறவினர் என்று சொல்லிச் சிறைக்கு அழைத்துச் சென்றனர். எளிய தோற்றத்தில் வந்த பெண்களைக் காவலர் பொருட்படுத்தவில்லை.

வந்திருப்பவர் யாரென்று பெண்கள் மெல்லக் கூறியதும் கைதிகளின் முகங்கள் மலர்ந்தன. அவர்கள் அடைந்த சித்திரவதையை வெல்ஸ் கேட்டறிந்தார். அத்துடன் நில்லாமல், ஒவ்வொருவரும் பயிரிட்ட ஏக்கர் எத்தனை, இழந்த பருத்தியும் சோளமும் கால்நடையும் எவ்வளவு என்றும் வினவினார். அனைத்தையும் எழுதித் தருமாறு வேண்டினார். அந்தக் கணக்கு, உழவரின் விளைச்சல் பறிபோனதை வெளிப்படுத்தியது. சாவை எதிர்நோக்கிப் பாடிய அவர்களிடம், இனி விடுதலைக்காக வேண்டுமாறு கூறித் தெம்பூட்டினார்.

சிகாகோ திரும்பியதும் அனைத்தையும் தொகுத்து நூலாக்கி, 1000 படிகள் அச்சிட்டுப் பரப்பினார். வழக்கறிஞர் பலரின் உழைப்பால் 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைதிகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 1925ஆம் ஆண்டிற்குள் பன்னிருவரும் சிறை நீங்கினர். அவர்களுள் ஒருவர் சிகாகோவில் வெல்ஸின் இல்லம் தேடிவந்து நன்றி கூறினார்.

1931இல் வெல்ஸ் மறைந்தார். 2020இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டு அவருக்கு வழங்கப்பெற்றது. தம்மை நம்பிப் பேசியவர்களின் சொல்லை வீணாக்காமல் காத்த அவர்தம் நேர்மை, இதழியல் பயில்வோர் யாவரும் கைக்கொள்ளத் தக்கது.