அணுவும் ஆன்மாவும்: பேராசிரியர் தௌலத் சிங் கோத்தாரியின் வாழ்வு

பள்ளியில் அணுவைப் பற்றிப் பயிலும் நம் பிள்ளைகள் ஆலயத்திற்கு வந்தால் ஆன்மாவைப் பற்றிக் கேட்கின்றனர். இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் எங்ஙனம் வைத்துக்கொள்வது என்னும் ஐயம் அவர்கட்கு எழுவது இயல்பே. சிலர் அறிவியலைப் பற்றிக்கொண்டு அறத்தைக் கைவிடுவர். சிலர் மரபைப் போற்றுவதாக எண்ணி ஆராய்ச்சியை அஞ்சுவர். இரண்டையும் விடாது வாழ்ந்து காட்டியவர் இயற்பியல் பேரறிஞர் தௌலத் சிங் கோத்தாரி. மகாவீரர் திருநாளில் அவர் வாழ்வை நினைவுகூர்வது நம் இல்லங்களுக்குப் பயன் தரும்.

இராசத்தானத்தின் உதய்ப்பூரில், சமணக் குடும்பம் ஒன்றில், 1906ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்குக் கல்வியே துணையாயிற்று. மேவார் அரசின் உதவித்தொகை பெற்று அலகாபாத் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே புகழ்பெற்ற வானியற்பியலறிஞர் மேகநாத் சாகா அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், அணுக்கருவைக் கண்டறிந்த ரூதர்போர்டு தலைமையேற்றிருந்த கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1934இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இயற்பியல் துறையை நாட்டின் முன்னணித் துறைகளுள் ஒன்றாக வளர்த்தார்.

அவருடைய ஆய்வில் ஆசிரியரின் தடமும் உண்டு. அதனைக் கடந்து சென்ற தடமும் உண்டு. கடும் வெப்பத்தில் அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கும் முறையைச் சாகா கணித்திருந்தார். வெப்பம் மட்டுமன்றி, மிகப்பெரும் அழுத்தமும் அணுவைச் சிதைத்து எலக்ட்ரான்களை விடுவிக்கும் என்பதைக் கோத்தாரி ஆராய்ந்தார். வெண்குறு விண்மீன்களின் உள்ளே பருப்பொருள் எந்நிலையில் இருக்கும் என்பதை அறிய இவ்வாய்வு உதவிற்று.

நாடு விடுதலை பெற்றபின், 1948இல், பாதுகாப்பு அமைச்சின் அறிவியல் ஆலோசகராக அவர் அமர்த்தப்பட்டார். பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் 1958இல் உருப்பெற்றதற்கு அடித்தளம் இட்டவர் அவரே. அகிம்சையை உயிர்நாடியாகக் கொண்ட சமயத்தில் பிறந்தவர் படைத்துறைக்கு அறிவு வழங்கலாமா? இவ்வினாவை நாம் மறைக்க வேண்டுவதில்லை. நம் நூல்கள் இல்லறத்தாருக்கு நேரும் இம்சையை நால்வகையாகப் பகுக்கின்றன. வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப இம்சையை முற்றாக விலக்குகின்றன. தற்காப்பில் நேரும் விரோதி இம்சையை, வினை உண்டு என்று உணர்த்தியே, இல்லறத்தாரால் முழுதும் தவிர்க்க இயலாததாகக் கொள்கின்றன. ஆயினும் இவ்விளக்கத்தை அரணாகக் கொண்டு வாளாவிருத்தல் எளிது. கோத்தாரி வாளாவிருக்கவில்லை. நேருவின் விருப்பத்திற்கிணங்க, அணுகுண்டு வெடிப்புகளின் விளைவுகளை ஆராய்ந்து 1956இல் ஒரு நூல் வெளிவரச் செய்தார். வெடிப்பின் வெப்பம், அதிர்ச்சி, கதிரியக்கம் ஆகியன உயிர்களுக்கு இழைக்கும் கேட்டை அந்நூல் கணக்கிட்டு உரைத்தது. வல்லரசுகள் குண்டுகளை வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்த அந்நாளில், உணர்ச்சி உரைகளால் ஆகாத பணியை எண்களும் சான்றுகளும் செய்தன. அகிம்சைக்காக ஓர் அறிவியலறிஞர் ஆற்றக்கூடிய தொண்டு அதுவே. அணுப்படைக் குறைப்பை நாடிய அறிவியலாளரின் பக்வாஷ் மாநாடு 1964இல் அவர் பிறந்த உதய்ப்பூரிலேயே கூடியது.

கல்வித்துறையில் அவர் பெயரை அறியாதார் இலர். 1961 முதல் 1973 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக விளங்கினார். 1964இல் அமைந்த கல்விக் குழு அவர் தலைமையில் இயங்கி 1966இல் அறிக்கை அளித்தது. முதற் பத்து ஆண்டுகளுக்கு அறிவியல் அனைவர்க்கும் பொதுப்பாடமாதல் வேண்டும், நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்குச் செல்லுதல் வேண்டும், அறிவியலோடு அறநெறிக் கல்வியும் இணைதல் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. பத்தாண்டுப் பள்ளிக்கல்வி, ஈராண்டு மேல்நிலைக் கல்வி, மூவாண்டுப் பட்டப்படிப்பு என்னும் அமைப்பும் அக்குழு பரிந்துரைத்ததே. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது முதல் அணியில் சேர்ந்த மாணவருள் யானும் ஒருவன். அம்மாற்றத்திற்குப் பின் ஒரு சமணப் பெரியார் இருந்தார் என்பதை அன்று அறிந்தேனில்லை. இந்திய ஆட்சிப்பணித் தேர்வைத் தாய்மொழியிலும் எழுதலாம் என்னும் வழி 1979இல் பிறந்ததும் அவர் தலைமையேற்ற மற்றொரு குழுவின் பயனே.

இனி அவர் சிந்தனையின் மையத்திற்கு வருவோம். எலக்ட்ரான் ஒரு சோதனையில் துகளாகத் தோன்றும். மற்றொன்றில் அலையாகத் தோன்றும். இவ்விரு காட்சிகளும் முரணுவன போன்றிருப்பினும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்று டென்மார்க்கு நாட்டு அறிஞர் நீல்சு போர் விளக்கினார். இதனைச் சியாத்வாதத்தின் துணைகொண்டு கோத்தாரி நோக்கினார். ஒரு பெட்டியை நடுவே துளையுள்ள தடுப்பால் இரண்டாகப் பகுத்து, உள்ளே ஒரு துகளை வைத்ததாகக் கொள்வோம். பழைய இயற்பியலில் அது இடப்பாகத்தில் இருக்கும்; இன்றேல் வலப்பாகத்தில் இருக்கும். குவாண்டம் இயற்பியலிலோ, நோக்குமுன் அது எங்குள்ளது என்று ஒருதலையாகக் கூற இயலாது. உண்டாம், இல்லையாம், உண்டுமாம் இல்லையுமாம், சொல்லொணாததாம் என விரியும் சப்தபங்கியின் ஏழு நிலைகள் இத்தகைய இடத்தில் சிந்தனைக்கு வழிகாட்டும் என்பது அவர் துணிபு. போரின் நூற்றாண்டையொட்டி 1985இல் வெளிவந்த தொகுப்பு நூலிலும் இக்கருத்தை எழுதினார். புள்ளியியலறிஞர் மகலனோபிசும் உயிரியலறிஞர் ஹால்டேனும் 1950களிலேயே சியாத்வாதத்தை ஆராய்ந்து எழுதியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இன்றைய அறிவியல் முழுதும் நம் ஆகமங்களில் முன்பே உண்டு என்று பெருமை பேசுதல் கோத்தாரியின் நெறிக்குப் பொருந்தாது. சமன்பாடுகளை ஆய்வகமும் கணிதமுமே தரும். பொருளைப் பல கோணத்தில் நோக்கும் பணிவை அநேகாந்தம் தரும். அறிவியல் ஆற்றலைத் தருகிறது. அவ்வாற்றலை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அகிம்சையே முடிவு செய்தல் வேண்டும். அணுவையும் ஆன்மாவையும் அவர் சேர்த்து நினைத்ததன் உட்பொருள் இதுவே.

1962இல் பத்மபூஷண், 1973இல் பத்மவிபூஷண் எனச் சிறப்புகள் அவரை நாடி வந்தன. 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் செய்ப்பூரில் அவர் வாழ்வு நிறைவுற்றது.

அணுவைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் நம் பிள்ளைகள் ஒருங்கே வினவும்போது, ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்க என்று நாம் கூற வேண்டா. கோத்தாரியின் வரலாற்றை எடுத்துரைப்போம். ஆராயும் அறிவும் இரங்கும் நெஞ்சும் ஒருவரிடத்தே ஒருங்கு வாழும் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.